யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய், பைசன் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் யெல்லோஸ்டோன் போவதற்கு முன்னால் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. அவை இருந்த இடத்திலேயே இருக்கும், போனால் பார்த்துவிடலாம். விலங்குகளுக்குத்தான் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்தப் பூங்கா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மட்டும் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். 1872-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று இதைத்தான் சொல்வார்கள். பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். ஐந்து நுழைவாயில்கள். இரண்டு நாளில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம் என்று கிளம்பினால் காருக்குள்ளேயே பொழுது போய்விடும். விலங்குகள்தான் முக்கியம் என்றால் ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள்.

பைசன் என்றால் நம் காட்டெருமைதானே?

செய்தித்தாள்களில் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் நீலகிரியிலும் வால்பாறையிலும் நாம் காட்டெருமை, காட்டுமாடு என்று சொல்வது வேறு விலங்கு. யெல்லோஸ்டோனில் இருப்பது அமெரிக்க பைசன். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே பைசன் என்றே எழுதுகிறேன்.

முன்பாதி மலைபோல, பின்பாதி ஒடுங்கி இருக்கும். தலையிலும் தோளிலும் முன்னங்கால்களிலும் கம்பளியாக அடர்ந்த முடி. அதன் திமிலைக் கவனித்துப் பாருங்கள். நம் காளையின் திமில் மாதிரி ஆடாது. முதுகெலும்பிலிருந்து மேலே நீளும் எலும்புகளைச் சுற்றிக் கெட்டியான தசை. அந்தத் தசையின் பலத்தில்தான் அது குளிர்காலத்தில் தலையை இடமும் வலமும் வீசி, ஆழமான பனியை ஒதுக்கி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். ஜனவரி மாதம் ஒரு தாய் பைசன் அப்படிப் பனியை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தியபோது முகம் முழுக்க வெள்ளை, தாடியில் மூச்சு உறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது தோண்டி வைத்த குழியில் கன்று வந்து வாய் வைத்தது.

எந்தப் பள்ளத்தாக்குக்குப் போவது?

இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லமார், ஹேடன்.

லமார் பள்ளத்தாக்கு வடகிழக்கில் இருக்கிறது. டவர் சந்திப்பிலிருந்து வடகிழக்கு நுழைவாயில் வரை 47 கிலோமீட்டர் சாலை. அதன் நடுவே ஆறும் புல்வெளியும் சேஜ் புதர்களும் விரிந்து கிடக்கும். ஓநாய் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் இடம். ஸ்லூ கிரீக் என்ற ஓடை வந்து சேரும் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைசன் மந்தைகள் இங்கே எப்போதும் இருக்கும்.

ஹேடன் பள்ளத்தாக்கு பூங்காவின் நடுவில், கேன்யனுக்கும் ஃபிஷிங் பிரிட்ஜுக்கும் இடையில். கிரிஸ்லி கரடிக்கும், கோடையில் பைசன் இணைசேரும் காட்சிக்கும் நல்ல இடம். கருங்கரடி வேண்டுமென்றால் டவர்-ரூஸ்வெல்ட் பக்கத்து மரக்காடுகளில் சாலையோரமாகவே பார்க்க வாய்ப்பு அதிகம்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும். கரடிகள் குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வந்திருக்கும். ஆண் கிரிஸ்லிகள் மார்ச்சிலேயே எழுந்துவிடும், குட்டி ஈன்ற தாய்கள் ஏப்ரல், மே என்று தாமதமாக வரும். மலை உச்சிகளில் பனி கரையாததால் எல்லா விலங்கும் கீழே புல்வெளியில்தான் இருக்கும். பைசன் கன்றுகள் அப்போது செங்கல் நிறத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். ஜூனில் எல்க் மான்கள் குட்டி போடும். கிரிஸ்லி ஒன்று சேஜ் புதர்களுக்குள் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தால், புதரில் பதுங்கிக் கிடக்கும் மான்குட்டியைத்தான் அது தேடுகிறது. பார்க்க மனம் கனக்கும். ஆனால் அந்தத் தாய்க் கரடிக்கும் பின்னால் இரண்டு குட்டிகள் ஓடி வந்துகொண்டிருக்கும்.

ஜூலையும் ஆகஸ்டும் கரடிக்கு அவ்வளவு நல்ல மாதங்கள் இல்லை. கிரிஸ்லிகள் பலவும் உயரமான பாறைச் சரிவுகளுக்குப் போய்விடும். அங்கே கற்களுக்கு அடியில் லட்சக்கணக்கான விட்டில் பூச்சிகள் ஒதுங்கியிருக்கும். ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சிகள் வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய உடம்பு இத்தனை சின்னப் பூச்சிகளில் கொழுப்பைச் சேர்க்கிறது. ஆனால் பைசனுக்கு இதுதான் சரியான காலம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை காளைகள் உறுமும், புழுதியில் புரளும், மோதிக்கொள்ளும். அந்த உறுமலை முதலில் கேட்டபோது தூரத்தில் லாரி ஏதோ ஏறி வருகிறது என்றுதான் நினைத்தேன்.

ஓநாய் மட்டும்தான் நோக்கம் என்றால் குளிர்காலம். வெள்ளைப் பனியில் கறுத்த உருவம் தனியாகத் தெரியும். எல்க்குகள் கீழே இறங்கி வந்திருப்பதால் ஓநாய்களும் பின்னாலேயே வரும். பூங்காச் சாலைகள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுவரை கார்களுக்கு மூடப்படும். ஆனால் வடக்கு வாயிலில் இருக்கும் கார்டினர் ஊரிலிருந்து மாமத், டவர், லமார் வழியாக, வடகிழக்கு வாயிலுக்கு அப்பால் இருக்கும் குக் சிட்டி என்ற சிற்றூருக்குப் போகும் சாலை மட்டும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். குக் சிட்டியோடு அந்த வழி குளிர்காலத்தில் முடிந்துவிடும். போன வழியேதான் திரும்ப வேண்டும்.

விடியற்காலையில்தான் போக வேண்டுமா?

ஆமாம். ஜூனில் சூரியன் ஐந்தரை மணி அளவில் உதிக்கும். ஐந்து மணிக்கு நீங்கள் லமாரில் நிற்க வேண்டும். கார்டினரில் தங்கியிருந்தால் நாலு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். காலை ஒன்பதுக்குப் பிறகு வெயில் ஏறினால் ஓநாய் படுத்துவிடும், கரடி மரநிழலுக்குப் போய்விடும். அதோடு தரையிலிருந்து வெப்பம் அலையாக எழும்புவதால் ஸ்கோப்பில் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) எல்லாமே நீருக்குள் ஆடுவது போலத் தெரியும். மாலை ஆறுக்கு மேல் மறுபடியும் நல்ல நேரம்.

நான் மூன்று முறை போயும் ஓநாய் பார்க்கவில்லை. எப்படித்தான் பார்ப்பது?

எனக்கும் முதல் பயணத்தில் கிடைக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டே தேடினேன். லமாரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாலு தடவை போய்வந்தேன். ஓநாய் சாலையோரம் வந்து நிற்கும் என்ற எண்ணம் எனக்கு. அங்கே பெரும்பாலும் ஓநாயைப் பார்ப்பது ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான். வெறும் கண்ணுக்கு அது புள்ளிகூட இல்லை.

இரண்டாவது முறை, மே மாதக் கடைசியில், ஸ்லூ கிரீக் பக்கம் ஸ்கோப்புகளோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்த இடத்தில் காரை ஓரம்கட்டினேன். சூடான காபிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மையார், நான் கேட்பதற்கு முன்பே நகர்ந்து, "பாருங்கள்" என்று தன் ஸ்கோப்பைக் காட்டினார். கண்ணை வைத்தேன். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கரையாமல் மிச்சமிருந்த ஒரு பனித்திட்டின்மேல் கறுப்பு ஓநாய் ஒன்று முன்னங்கால்களில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. சாம்பல் நிறத்தில் இன்னொன்று வந்து அதன் வாயை நக்கியது. கறுப்பு எழுந்தது, உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது, கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் இரண்டும் மேட்டுக்கு அப்பால் போய்விட்டன. குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். ஓட்டாதீர்கள், நில்லுங்கள். ஸ்கோப்புகளோடு ஆட்கள் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அவர்களில் சிலர் ஆண்டுக்கணக்காகத் தினமும் வருகிறவர்கள். மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். காரின் கதவை மெதுவாகச் சாத்துங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். கார்களை நிறுத்தும் அந்தச் சாலையோர ஒதுக்கிடத்தில் அவர்கள் எதிர்பார்க்கும் மரியாதை இதுதான்.

ஆள் யாரும் இல்லையென்றால் மற்ற விலங்குகளைப் பாருங்கள். எல்க்குகள் எல்லாம் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அண்டங்காக்கைகள் ஒரு இடத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால் அங்கே இரை கிடக்கிறது. இரை இருந்தால் ஓநாய் வரும், ஓநாய் விட்டால் கரடி வரும். பெரிய இரை கிடக்கும் இடத்தைக் கண்டுவிட்டால் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நான் கண்ட மிகச் சிறந்த காட்சிகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

தூரத்தில் தெரிவது கொயோட்டா, ஓநாயா?

கொயோட் நம் நரியைவிடச் சற்றுப் பெரிது, கூர்மூக்கு, பெரிய காது, எடை 15 கிலோவைத் தாண்டுவது அரிது. ஓநாய் 40, 50 கிலோ. கால்கள் நீளம், பாதம் பெரிது, தலை அகலம். கறுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஓநாய்தான். யெல்லோஸ்டோன் ஓநாய்களில் ஏறக்குறையப் பாதி கறுப்பு. அந்த நிறத்துக்கான மரபணு வெகு காலத்துக்கு முன் நாய்களிடமிருந்து வந்தது என்று கண்டறிந்திருக்கிறார்கள்.

நடுவில் ஓநாயே இல்லாமல் போய்விட்டதாமே?

ஆம், அழித்தார்கள். பூங்கா ஊழியர்களே சுட்டும் பொறிவைத்தும் கொன்றார்கள். 1926-இல் கடைசி ஓநாய்களும் போயின. மானையும் மற்றதையும் காப்பாற்ற இதுவே வழி என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் லமாரில் ஊளைச் சத்தம் இல்லை.

1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. உடனே திறந்துவிடவில்லை, வந்த வழியே ஊரைப் பார்க்க ஓடிவிடக் கூடாது என்று வேலியிட்ட பட்டிகளில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துப் பழக்கினார்கள்.

அதில் 9, 10 என்று எண்ணிட்ட ஒரு ஜோடியின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திறந்துவிட்ட சில வாரங்களில் பூங்காவுக்கு வெளியே ரெட் லாட்ஜ் ஊர்ப்பக்கம் 10-ஆம் எண் ஆண் ஓநாயை ஒருவர் சுட்டுக் கொன்றார். துணையை இழந்த 9-ஆம் எண் பெண் அங்கேயே ஒரு மரத்தடியில் எட்டுக் குட்டிகளை ஈன்றது. தனியாக எட்டையும் வளர்க்க அதனால் முடியாது என்று தாயையும் குட்டிகளையும் பிடித்துவந்து மறுபடி பட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த எட்டில் ஒன்றுதான் பின்னாளில் 21 என்ற எண்ணோடு ட்ரூயிட் என்ற ஓநாய்க் கூட்டத்தை நடத்திய ஓநாய். 2001-இல் அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள் இருந்தன. இப்போது பூங்கா முழுவதும் ஏறத்தாழ 100 ஓநாய்கள். 9,000 சதுர கிலோமீட்டரில் 100 என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டாலே பெரிய விஷயம் என்பது புரியும்.

ஓநாய் திரும்பியதால் ஆறுகளே திசை மாறின என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

அவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியாது. 1990-களின் நடுவில் வடக்குப் பகுதி எல்க் மந்தையில் 19,000 வரை இருந்தன; 2013-இல் 4,000-க்கும் கீழே இறங்கின. மான் குறைந்ததால் சில ஓடைக்கரைகளில் வில்லோ செடிகள் உயர்ந்தது உண்மை. ஆனால் எல்க்கைக் குறைத்ததில் கிரிஸ்லிக்கும் மலைச்சிங்கத்துக்கும் (பூமா) எல்லைக்கு வெளியே வேட்டையாடியவர்களுக்கும் பங்கு உண்டு. எழுபது ஆண்டுகளில் ஆழமாக அரித்துப்போன ஓடைகள் பல இடங்களில் இன்னும் மீளவில்லை. ஆய்வாளர்கள் இன்னமும் இதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓநாயின் மதிப்பைக் காட்ட அந்த வீடியோக் கதை தேவையில்லை என்பது என் எண்ணம்.

கிரிஸ்லி எது, கருங்கரடி எது?

நிறத்தை நம்பாதீர்கள். கருங்கரடி பழுப்பாகவும் இலவங்கப்பட்டை நிறத்திலும் இருக்கும். தோளைப் பாருங்கள்: கிரிஸ்லிக்குத் தோளில் திமில் எழும்பி நிற்கும், கருங்கரடிக்கு இல்லை. கிரிஸ்லியின் முகம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே குழிந்திருக்கும், காது சின்னதாக உருண்டையாக. கருங்கரடிக்கு முகம் நேராக நீண்டிருக்கும், காது பெரிது. மரம் ஏறி உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கருங்கரடி.

1975-இல் கிரிஸ்லியைப் பாதுகாக்கப்பட வேண்டிய இனமாக அறிவித்தபோது யெல்லோஸ்டோனும் சுற்றியுள்ள காடுகளும் சேர்த்து 136 கரடிகள்தான் என்று மதிப்பிட்டார்கள். இன்று அதே வட்டாரத்தில் ஏறத்தாழ 1,000.

பழைய படங்களில் கார் ஜன்னல் வழியாகக் கரடிக்குத் தீனி கொடுக்கிறார்களே?

ஒரு காலத்தில் அதுதான் வாடிக்கை. ஓட்டல் குப்பையைக் கொட்டும் இடத்தில் பலகை இருக்கைகள் போட்டு, இரவில் கிரிஸ்லிகள் வந்து தின்பதை மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். சாலையில் கருங்கரடிகள் பிச்சை கேட்டு நின்றன. ஒவ்வொரு ஆண்டும் பலர் கடிபட்டார்கள்.

1960-களில் ஃபிராங்க் கிரெய்க்ஹெட், ஜான் கிரெய்க்ஹெட் என்ற இரட்டைச் சகோதரர்கள் கிரிஸ்லிகளுக்கு முதல்முதலாக ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தார்கள். குப்பைமேடுகளை மூடுவதென்றால் படிப்படியாக மூடுங்கள், திடீரென்று நிறுத்தினால் கரடிகள் முகாம்களுக்குள் வரும் என்று எச்சரித்தார்கள். நிர்வாகம் வேகமாகவே மூடியது. பசித்த கரடிகள் ஆட்கள் இருக்கும் இடங்களுக்கு வந்தன, ஏராளமானவை கொல்லப்பட்டன. மேலே சொன்ன 136-க்கு இறங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று பூங்காவில் குப்பைத்தொட்டிகூடக் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டி. முறுக்கு, அதிரசம், தயிர்சாதம் எதுவானாலும் மேசையில் விட்டுவிட்டு நகராதீர்கள். மனிதர் தீனியைச் சுவைத்த கரடி பெரும்பாலும் உயிரோடு நீடிப்பதில்லை.

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

கரடி, ஓநாய், மலைச்சிங்கம் என்றால் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். பைசன், எல்க் உட்பட மற்றவை என்றால் 25 கெஜம், 23 மீட்டர். இது சட்டம். விலங்கு உங்களை நோக்கி வந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்.

அதோடு இதையும் சொல்கிறேன். 91 மீட்டரில் நின்றால் கரடி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அரைக் கிலோமீட்டரில் நின்றால் அது தன் வேலையைப் பார்க்கும்: வேர் தோண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மல்லாந்து படுத்து முதுகு சொறியும். நான் போவது அதைப் பார்ப்பதற்குத்தான்.

ஊளையிட்டுக் கூப்பிட்டால் ஓநாய் பதில் கொடுக்குமாமே?

கொடுக்கலாம், ஆனால் அங்கே அது குற்றம். விலங்குகளின் குரலைப் பாவனை செய்து அழைக்கக் கூடாது. ட்ரோனும் கூடாது.

கரடி ஸ்ப்ரே வாங்க வேண்டுமா?

சாலையோரத்தை விட்டு நடைபாதையில் இறங்கப்போகிறீர்கள் என்றால் கட்டாயம். மிளகாய்க் காரம்தான் உள்ளே, ஆனால் மனிதர்மேல் அடிக்கும் சின்ன ஸ்ப்ரேயைவிடப் பெரிய குப்பி, மேகம் போலப் பரவும். பையின் அடியில் போட்டு வைத்தால் பயனில்லை, இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும். கரடி பாய்ந்து வந்து 18 மீட்டருக்குள் நெருங்கும்போது அதற்கும் உங்களுக்கும் நடுவில் சற்றுத் தாழ்வாக அடிக்க வேண்டும். கொசு மருந்து போல உடம்பில் பூசிக்கொள்வது ஆபத்து. யாரோ அப்படி நினைத்துக் கேட்டதால் எழுதுகிறேன்.

விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும்.

நடக்கும்போது மூன்று நான்கு பேராகப் பேசிக்கொண்டே நடங்கள். கரடியைத் திடீரென்று நேருக்கு நேர் சந்திப்பதுதான் ஆபத்து. எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது.

பைசன் பார்க்க மாடு மாதிரி சாதுவாகத்தானே நிற்கிறது?

இந்த எண்ணத்தால்தான் காயப்படுகிறார்கள். யெல்லோஸ்டோனில் கரடியைவிட, ஓநாயைவிட, அதிகம் பேரைக் காயப்படுத்தியிருப்பது பைசன்தான். காளை 900 கிலோ வரை இருக்கும். மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடும். மாட்டோடு பழகி வளர்ந்த நம் ஆட்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "மாட்டைப் பற்றி எனக்குத் தெரியும்" என்று என் உறவினர் ஒருவர் புகைப்படத்துக்காக நெருங்கிப் போனார். காளை தலையை ஒரு முறை ஆட்டி, குளம்பால் மண்ணைக் கிளறியது. நல்லவேளை, அதற்குள் கையைப் பிடித்து இழுத்துவிட்டோம். வால் மேலே தூக்கி நின்றால் அது பாயப்போகிறது என்று வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

மந்தை சாலையை மறித்து நின்றால்?

காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இடித்துத் தள்ளுவது போலக் காரை நகர்த்தாதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினால் அவை மூச்சு விடும் சத்தமும், கன்றும் தாயும் பன்றி உறுமுவது போல ஒன்றையொன்று கூப்பிடுவதும் கேட்கும். அரை மணி நேரம் ஆகலாம்.

இந்த மந்தையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு எண் நினைவுக்கு வரும்: 23. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருந்த பைசனைச் சுட்டுத் தள்ளிய பிறகு, 1902-இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியவை ஏறத்தாழ அத்தனைதான். பெலிகன் பள்ளத்தாக்கில் ஒளிந்து பிழைத்தவை. தனியாரிடமிருந்து 21 பைசன்களை வாங்கிவந்து, லமாரில் பண்ணை வைத்து மாடுபோலத் தீவனம் போட்டு வளர்த்தார்கள். அந்தப் பண்ணைக் கட்டிடங்கள் இன்னும் சாலையோரமாக இருக்கின்றன. இப்போது பூங்காவில் ஆண்டைப் பொறுத்து 3,500 முதல் 6,000 வரை. உங்கள் காரை உரசிக்கொண்டு போகும் ஒவ்வொன்றும் அந்தச் சில டஜன்களின் வழித்தோன்றல்.

கன்று ஒன்று தனியாக நின்றால் காப்பாற்றலாமா?

கூடாது. தொடவே கூடாது. 2016-இல் குளிரில் நடுங்குகிறதென்று ஒரு பைசன் கன்றைச் சுற்றுலா வந்தவர்கள் காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். திரும்ப மந்தையில் சேர்க்கப் பலமுறை முயன்றும் மந்தை ஏற்கவில்லை. கன்று ஆட்களையும் கார்களையும் சுற்றியே வந்துகொண்டிருந்ததால் கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். 2023-இல் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்ற கன்றை ஒருவர் கையால் தள்ளிவிட்டார். அதற்கும் அதே முடிவு. இருவருமே நல்ல எண்ணத்தில் செய்தவர்களாக இருக்கலாம். உங்களுக்குக் கவலையாக இருந்தால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஓநாயும் கரடியும் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை, சாலையோர ஒதுக்கிடங்களில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் பூங்காவின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல். முதல் நாள் மூச்சு வாங்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். ஜூலை விடியலிலும் உறைபனி அளவுக்குக் குளிரும். குரங்குக் குல்லாய், கையுறை, கம்பளி எல்லாம் வேண்டும். லமாரில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். கிளம்பும் முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், காலைச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேமரா போதுமா?

செல்போனில் பைசன் மட்டும் கிடைக்கும். 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஓநாய்க்கு 20 முதல் 60 மடங்கு வரை போகும் ஸ்கோப்பும், ஆடாத ட்ரைபாடும் வேண்டும். வாங்கத் தேவையில்லை, கார்டினரில் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு நாள் வாடகை கொடுத்தால் பயணமே வேறாகிவிடும்.

பூங்கா எல்லையைத் தாண்டினால் இந்த விலங்குகளுக்குப் பாதுகாப்பு உண்டா?

ஓநாய்க்கு எல்லை தெரியாது. மொன்டானா, வயோமிங், ஐடஹோ மூன்றிலும் ஓநாய் வேட்டைக்கு அனுமதி உண்டு. உலகெங்கும் ரசிகர்கள் பெற்ற 832 என்ற பெண் ஓநாய் 2012 டிசம்பரில் எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. அதன் மகள் 926 ஆறு ஆண்டுகள் கழித்து அதே விதத்தில் போனது. ஆட்களைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த ஓநாய்க்கு, ஸ்கோப்போடு நிற்பவர் யார், துப்பாக்கியோடு நிற்பவர் யார் என்று தெரியாது. அதனால்தான் சாலைக்கு அருகே ஓநாய் வந்தாலும் நெருங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம்மைக் கண்டு அது ஒதுங்கிப் போவதுதான் அதற்கு நல்லது.

பைசன் விஷயம் வேறு. புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் அவற்றிடம் உண்டு; ஆதியில் அது மாடுகளிடமிருந்தே அவற்றுக்கு வந்தது. தங்கள் மாடுகளுக்குப் பரவும் என்று மொன்டானா பண்ணையாளர்கள் அஞ்சுவதால், குளிர்காலத்தில் வெளியே இறங்கும் பைசன்கள் பல கொல்லப்படுகின்றன. நோய் இல்லை என்று உறுதிசெய்த சிலவற்றை ஃபோர்ட் பெக் போன்ற பூர்வகுடி நிலங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் பைசனை நம்பியே வாழ்ந்த மக்களிடம் அவை திரும்பிப் போவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முந்தின இரவு கார்டினரிலோ குக் சிட்டியிலோ தங்குங்கள். ஐந்து மணிக்கு லமார். ஒன்பது, பத்து வரை ஒரே இடத்தில் நில்லுங்கள். அப்புறம் அங்கேயே காலை உணவு. பைசன் மந்தை எதிரில் மேயும். பகலில் டவர் பக்கம் மெதுவாக ஓட்டினால் கருங்கரடி கிடைக்கலாம். மதியம் ஒரு தூக்கம் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம், ஓநாயும் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆறு மணிக்கு மறுபடி லமார். ஜூனில் ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் மறையும். வெளிச்சம் போன பிறகும் பத்து நிமிடம் காரை எடுக்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு இருங்கள். ஊளை அந்த நேரத்தில்தான் கேட்கும்.